பத்து நிமிடத்துக்கு ஒரு வகுப்பு

பூவராகனின் கார்ச்சாவி அன்று திரும்பாது என்பது, அவன் அதைச் செருகுவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் யாரும் வழி விடவில்லை. தயிர்க்காரி தன் சைக்கிளைக் காருக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஆற அமரத் தயிர் அளந்துகொண்டிருந்தாள்.

மணி மூன்று இருபது. மகள் குழலிக்குப் பள்ளி மூன்றரைக்கு விடும். பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான். நடந்தே போயிருக்கலாம். ஆனால் டைரியில் எழுதிக் கொடுத்த வண்டி எண் வாசலுக்கு வந்தால்தான் பிள்ளையை வெளியே விடுவார்கள். பெற்ற தகப்பனே ஆனாலும் கால்நடையாக வந்தால் காவலாளிக்கு அவன் யாரோ ஒருவன்.

இன்னொரு விதியும் உண்டு. நேரத்தில் அழைத்துப் போகாத பிள்ளைகளைச் சும்மா உட்கார வைப்பது அந்தப் பள்ளியின் வழக்கமல்ல. பத்து நிமிடத்துக்கு ஒரு வகுப்பு மேலே ஏற்றிவிடுவார்கள். பாடமும் நடத்துவார்கள், வயதும் ஏறிவிடும். ஜூன் மாதமே எல்லாப் பெற்றோரும் டைரியில் சம்மதக் கையெழுத்துப் போட்டாயிற்று. பூவராகனும் படிக்காமல் போட்டிருந்தான். நம்மில் யார்தான் படித்தோம்?

குழலி மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்து, ஒன்று மட்டும் பாதி முளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பழக்குவதாக அவளிடம் சொல்லியிருந்தான்.

சாவியைச் செருகினான். திருப்பினான். திரும்பவில்லை.

பக்கத்து வீட்டுத் தில்லைநாயகம் கார் சன்னலுக்குள் தலையை நீட்டினார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"தப்பு என்னுது தம்பி. நீங்க படியெறங்கும்போது, எங்க கெளம்பிட்டீங்கன்னு கேட்டுட்டேன்."

"கேட்டீங்களா? எனக்குக் காதுல விழலயே சார்."

"உங்களுக்கு விழல. வண்டிக்கு விழுந்துருச்சு."

புறப்படுகிறவனை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதும் தெரியும். வீட்டுக்குள் திரும்பிப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகப் புறப்பட வேண்டும். ஒரு நிமிட வேலை. பூவராகன் சாவியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடை நீண்டிருந்தது. காலையில் அது ஏழெட்டு அடி தூரம்தான். இப்போது பாதி வழியில் ஒரு பேருந்து நிறுத்தம் வந்திருந்தது. அங்கே இரண்டு பேர் நின்றார்கள். சமையலறைக்கு இப்போதைக்கு வண்டி கிடையாது என்று சொன்னார்கள். அவன் நடந்தே போனான். போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று நாற்பத்திரண்டு.

மனைவி செண்பகம் குழலியின் சீருடைப் பாவாடையை மடியில் வைத்து, கீழ் மடிப்பைப் பிரித்து நீளமாக்கிக்கொண்டிருந்தாள்.

"நாலாங்கிளாசுக்கு ஏத்திட்டாங்களாம். போன் வந்துச்சு" என்றாள். "ஒக்காந்து குடிங்க. நின்னுகிட்டுக் குடிச்சா செல்லாது."

அவள் குரலில் பதற்றம் இல்லை. பூவராகன் உட்கார்ந்தான். தண்ணீர் தொண்டையில் நின்று யோசித்துவிட்டு, பிறகு இறங்கியது.

அவன் வெளியே வந்தபோது குழலி ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். காரின் ஓட்டுநர் இருக்கையில் இஸ்திரிக்காரர் உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தெருமுனை வரை வரிசை. திரும்பாத சாவியைக் கண்டும், குடுங்க நான் ஒருதரம் பாக்கறேன் என்று கேட்காத ஆள் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. மற்ற ஊரில் ஊர்கூடித் தேர் இழுப்பார்கள். அந்தத் தெருவில் ஊர்கூடிச் சாவி திருப்புவார்கள்.

கார் அவனுடையது. சாவியும் அவனுடையது. இருந்தும் அவன் வரிசையின் கடைசியில் போய் நின்றான். குறுக்கே நுழைந்தால் நன்றாக இருக்காதே என்று நினைத்தான். அது அவன் கூடப் பிறந்த கோளாறு. தலைமயிர் பற்றி எரிந்தாலும், உங்களுக்குத் தொந்தரவு இல்லையே என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றிக்கொள்வான்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் திருப்பினார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். ஒருவர் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். தயிர்க்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு முறை பார்த்தாள். யாரோ வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து பூட்டுக்குள் ஊற்றினார்கள். திரும்பவில்லை என்றதும் எல்லோரும் திருப்தியோடு இறங்கினார்கள். தன்னால் முடியாதது அடுத்தவனாலும் முடியவில்லை என்பதில் மனிதனுக்கு ஒரு நிம்மதி.

நான்கு மணிக்குக் கைபேசி அடித்தது.

"அப்பா, எங்க இருக்க? ஆறாங்கிளாஸ்ல ஒக்கார வச்சுட்டாங்க. இங்க யாரையும் தெரியலப்பா."

அழுகிறாள் என்று தெரிந்தது. இதோ வந்துவிட்டேன் என்றான். அவனுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். முன்னால் நின்றவரின் தோளைத் தொடலாமா என்று யோசித்தான். அவர் பேரனுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடியட்டும் என்று காத்திருந்தான். அதற்குள் ஏழும் எட்டும் போயின.

அடுத்த முறை அழைத்தபோது அவள் அழவில்லை.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

இருக்கீங்க. இந்த மரியாதையை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏழாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவில் எங்கேயோ அதுவாக வந்திருக்கிறது. அது வந்த அன்று அவன் பக்கத்தில் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பழகலாம் கண்ணு என்றான்.

"அதெல்லாம் பழகிட்டேன்ப்பா. ஏழாவதுல ஒரு ஃபிரெண்டு கத்துக் குடுத்தா."

பூவராகனுக்கு அழுகை வந்தது. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வாழ்க்கையிலேயே முதல்முறையாக வரிசையை உடைத்தான். தாண்டிப் போன ஒவ்வொருவரிடமும் மன்னிப்பு கேட்டான். அதில் பத்தாம் வகுப்பு போயிற்று.

ஓட்டுநர் இருக்கையில் இப்போது மெக்கானிக் சவரிமுத்து இருந்தார். தில்லைநாயகம் போய்க் கூட்டிவந்திருந்தார். சவரிமுத்து சாவியை உருவி, எண்ணெயைத் துணியால் துடைத்தார்.

"எண்ணெய் விட்டது யாரு? உள்ள அழுக்குதான் சேரும்."

ஒரு பென்சிலை வாங்கி அதன் கரியைச் சாவியின் பல்லில் தேய்த்தார். சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் ஒடித்து நிறுத்தியதால் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டது என்றார். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்டிக்கொண்டே திருப்ப வேண்டும், முரட்டுத்தனம் கூடாது, சாவி உள்ளேயே முறிந்துவிடும் என்றார். பிறகு எழுந்து இடம் கொடுத்தார். பூவராகன் உட்கார்ந்து, சொன்னபடியே ஆட்டிக்கொண்டே திருப்பினான். திரும்பவில்லை.

சவரிமுத்து சன்னல் வழியாகக் குனிந்து பூட்டில் காதை வைத்தார்.

"யார அழைக்கப் போறீங்கன்னு கேக்குது."

"என் மக. குழலி. மூணாங்கிளாஸ், பி செக்ஷன்."

சவரிமுத்து காதை எடுக்கவில்லை.

"அப்படி யாரும் அங்க இல்லயாம்."

இருக்கிறாள் என்றான் பூவராகன். காலையில்தான் சாப்பாட்டுப் பை கொடுத்து அனுப்பினேன், ஒரு பல் பாதி முளைத்திருக்கும், எஸ் வராது, ஸ்கூல் என்றால் கூல் என்பாள் என்று சொல்லிக்கொண்டே போனான். மறுபடி திருப்பினான். சாவி மயிரிழை அளவுகூட அசையவில்லை. இல்லாத ஆளுக்கு எந்த வண்டியும் கிளம்பாது, இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன் என்றார் சவரிமுத்து. தில்லைநாயகம் வேறு பக்கம் பார்த்தார்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கைபேசி அடித்தது. குரல் யாரோ பெரிய பெண்ணுடையதுபோல் இருந்தது.

"அப்பா, பன்னண்டாவது முடியப் போவுது. அதுக்கு மேல இங்க வகுப்பு இல்ல. அஞ்சு நிமிஷத்துல எங்கள வெளிய அனுப்பிட்டு வாசக்கதவச் சாத்திடுவாங்க. அப்புறம் எங்க போவேன்னு எனக்கே தெரியாது."

பூவராகன் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. பூட்டுக்குக் கேட்கும்படி குனிந்து சொன்னான்.

"பன்னண்டாவது படிக்கிற பொண்ணு. குழலி. பல்லெல்லாம் மொளச்சிருக்கும். எவ்ளோ ஒசரம்னு தெரியாது."

மூன்றாம் வகுப்புக் குழலியைத் தன் வாயாலேயே இல்லை என்று சொன்னதுபோல் இருந்தது. சொன்னதுபோல் என்ன, சொல்லித்தான் விட்டான். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்டினான்.

சாவி திரும்பியது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அத்தனை சுலபமாகத் திரும்பியது. வரிசையில் முறை வராமல் போனவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

காவலாளி ஒரு கதவைச் சாத்திவிட்டு மறுகதவில் கை வைத்திருந்தார். டைரியைப் பார்த்தார், வண்டி எண்ணைப் பார்த்தார், உள்ளே திரும்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உயரமான ஒரு பெண் வந்தாள். பூவராகன் இறங்கிப் போய், வழக்கம்போல் பின்கதவைத் திறந்து பிடித்தான். அவள் அதைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். முன்கதவைத் தானே திறந்து உட்கார்ந்தாள். கால் நீட்ட இடம் போதாமல் இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். பெல்ட்டையும் தானே போட்டுக்கொண்டாள்.

அவளுக்குப் பல் வரிசையாக இருந்தது. செண்பகத்தின் சாடை. அவன் வண்டியை எடுத்தான். முதல் தெரு முடிந்தது. அவனுக்குக் கேட்க நிறைய இருந்தது, எங்கே தொடங்குவதென்றுதான் தெரியவில்லை. கடைசியில் பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வரும் எந்தத் தகப்பனும் கேட்பதையே கேட்டான்.

"இன்னிக்கு என்ன நடத்துனாங்க?"

குழலி சன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"எல்லாத்தையும் நடத்திட்டாங்கப்பா" என்றாள்.