ராணிக்குப் பதில் விழுந்தவள்

பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்த பிறகும், படங்களில் ஆட்களைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டதால் 'கயிறு' என்றே பேராகிப்போன கிழவர் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். அது கிறீச்சிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர், மிக்ஸரின் மூலையிலிருந்த டாக்பேக் பொத்தானை அழுத்தி, "சார், அசையாம உக்காருங்க, மைக்ல கேக்குது" என்றாள். அவள் குரல் உள்ளே இருக்கும் இரண்டு கிழவர்களின் ஹெட்போனில் மட்டும் கேட்கும், பதிவில் ஏறாது.

"சத்தம் போடறது நாற்காலி இல்லம்மா, என் எலும்பு" என்றார் கயிறு.

"இதை வெட்டிடாத பாப்பா" என்றார் பக்கத்திலிருந்த இயக்குநர். "படத்துல இல்லாத ஒரிஜினல் எஃபெக்ட் இது."

அவளுக்குப் பின்னால் சோபாவில் இருந்த கம்பெனிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவருக்கு வேண்டியது இதுதான். பழைய மாயாஜாலப் படத்தைச் சுத்தம் செய்து, நிறம் ஏற்றி, பெட்டியில் போட்டு மறுபடி விற்கப்போகிறார்கள். ஆனால் படத்துக்காக வாங்குகிறவர்கள் குறைவு. பல வருடங்களுக்கு முன் வந்த டிஸ்கில் இதே இருவரும் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசிய ஆடியோ கமெண்டரி ஒன்று இருந்தது. அதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது தொலைந்துபோயிருந்த காட்சிகள் கிடைத்துச் சேர்ந்து படம் நீண்டுவிட்டதால் பழைய பேச்சு பொருந்தவில்லை. அதனால் புதிதாகப் பேச வைக்கிறார்கள். "பழைய டிஸ்க்ல டிவிக்கு ஏத்த மாதிரி படத்தைச் சுத்தி நறுக்கியிருந்தாங்க மேடம்" என்று காலையில் கம்பெனிக்காரர் பெருமையாகச் சொல்லியிருந்தார். "இதுல முழு ஃபிரேமும் இருக்கு. காலடி மண்ணு வரைக்கும் தெரியும்."

இயக்குநருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. படம் ஓட ஆரம்பித்தால் இடைவேளை வரை நிறுத்தக்கூடாது, இடைவேளைக்குப் பிறகு முடிவு வரை நிறுத்தக்கூடாது. நிறுத்தி மறுபடி சிரித்தால் அது சிரிப்பாக இருக்காது, இருமல் மாதிரி இருக்கும் என்பார். ஒலிப்பதிவாளர் குறுக்கே பேசக்கூடாது என்பதும் அதில் அடக்கம்.

திரையில் மந்திரக் காடு வந்தது. வெள்ளித்தாள் ஒட்டிய மரங்கள் தாமாக நகர்ந்து இளவரசனுக்கு வழிவிட்டன.

"ஒவ்வொரு மரத்துக்குள்ளயும் ஒரு ஆளு" என்றார் இயக்குநர். "அடியில சக்கரம். ஏழு மரம் இருக்கணும், எண்ணிப் பாருங்க, ஆறுதான் இருக்கு. ஏழாவது மரம் சிகரெட் பிடிக்கப் போயிருந்துச்சு."

"போகலைங்க டைரக்டரே. உள்ளயே பிடிச்சுது. அதோ, அந்த மரத்துக்குப் பின்னால புகை வருது பாருங்க."

"அதை விமர்சனத்துல மூடுபனின்னு எழுதினாங்கய்யா!"

"நிலாவையும்தான் எழுதினாங்க."

"ஆமா, அந்த நிலா! காகித நிலா, உள்ள பல்பு. ஒரு ஓரம் கருகிப் போச்சு. மாத்த நேரமில்ல, அப்படியே எடுத்தேன். ராஜ்ஜியத்தோட வீழ்ச்சிக்குக் குறியீடுன்னு ஒருத்தர் நாலு பக்கம் எழுதினார். நான் அவருக்கு நன்றி சொல்லி பதில் போட்டேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதில்தான் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம். இந்த இரண்டு குரல்களையும் அவள் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அறிவாள். வாடகைக்கு எடுத்த டிஸ்கைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருவர் பாதியில் விட்டதை மற்றவர் எடுத்துக்கொள்ளும் லாவகமும், பொய்யான அரண்மனையைக் கண்முன்னே பிரித்துப் போட்டுவிட்டு அதன் மேல் இன்னும் ஆசையை வரவழைக்கும் வித்தையும் அவளுக்குப் பிடித்துப் போயின. ஒலியை வேலையாக எடுத்துக்கொண்டதற்கே அவர்கள்தான் காரணம் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த டிஸ்கில் எல்லோருக்கும் பிடித்த இடம் மேகக் காட்சி. ராணி கோட்டை மதிலிலிருந்து எழும்பி மேகத்துக்குள் பறந்து மறைவாள். அங்கே இயக்குநர் சொல்லுவார்: "மேகம்னு இவன் பஞ்சு மெத்தை போட்டு வெச்சிருந்தான். மெத்தை இந்தப் பக்கம், ராணி அந்தப் பக்கம்! பொத்துனு விழுந்தது டூப்பு. ஒரிஜினல் ராணி கீழ நாற்காலியில ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அவங்க கத்தினாங்க பாருங்க, 'ஐயோ, நான் விழுந்துட்டேன்!'னு." பிறகு இருவரும் மூச்சு முட்டச் சிரிப்பார்கள்.

பன்னிரண்டு வயதில் அவள் அதை வீட்டில் சாப்பிடும்போது நடித்துக் காட்டினாள். ஸ்பூனை ஐஸ்கிரீமாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, "ஐயோ, நான் விழுந்துட்டேன்!" என்றாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் சிரித்தாள். சிரித்து முடித்து, சுவரைப் பிடித்து எழுந்து, மடங்காத இடது காலை முதலில் நகர்த்தி, பிறகு வலது காலைக் கொண்டுவந்தாள். "உண்மைதான்டி" என்றாள். "நான் கத்தவே இல்ல. எனக்குப் பதிலா அவங்கதான் கத்தினாங்க."

அதுவரை அம்மாவின் கால் பிறவியிலேயே அப்படி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இந்த வேலை வந்தபோது தான் யார் மகள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டு வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. மேகக் காட்சி வரும்போது மைக்கில் இரைச்சல் என்று சொல்லிவிடுவது. பேச்சு அறுந்துவிடும், படம் நிற்காது, அந்த ஜோக்கின் நேரம் கடந்து போய்விடும். நாற்காலியை மாற்றாமல் விட்டதே அதற்காகத்தான். கிறீச்சென்றது, சார், அதனால்தான் குறுக்கிட்டேன். நம்புவார்கள்.

இடைவேளையில் கம்பெனிக்காரர் கிழவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருக்க, அவள் நடைபாதைக்கு வந்து அம்மாவை அழைத்தாள். அம்மா தையல் கடையில் இருந்தாள். மோட்டார் மெஷினின் உறுமல் கேட்டது.

"மேகம் வந்துடுச்சா?" என்றாள் அம்மா, எடுத்த எடுப்பில்.

"இன்னும் இல்ல. வந்தாலும் அந்த ஜோக்கு வராதும்மா. நான் பாத்துக்கறேன்."

மெஷின் நின்றது.

"ஏன்?"

"ஏன்னு கேக்கறியா? உன் காலை வெச்சு சிரிக்கிறாங்க."

"நல்லாத்தான்டி சொல்றாரு அந்த ஆளு."

"அம்மா."

"படம் முடிஞ்சு பேர் போடும்போது பாத்திருக்கியா? குதிரைக்குப் புல்லு போட்டவன் பேர் இருக்கு. நான் இருக்கற ஒரே இடம் அந்த ஜோக்குதான். 'டூப்பு விழுந்துச்சு'ன்னு ஒரு வார்த்தை. அதையும் நீயே எடுத்துட்டா, அப்புறம் யாருடி விழுந்தது?"

அம்மாவின் கடையில் யாரோ வந்து, ஜிப் ரெடியா என்று கேட்டார்கள். "வெச்சிடறேன், உன் வேலையைப் பாரு. வேலைக்கு வேட்டு வெச்சுக்காத" என்று சொல்லி அம்மா துண்டித்தாள்.

இரண்டாம் பாதி தொடங்கியபோது அவள் கையில் திட்டம் எதுவும் இல்லை. ஜோக்கை வரவிட்டால் அம்மா சிரிப்புக்கு இடமாக இருப்பாள். தடுத்தால் எங்குமே இருக்க மாட்டாள். திரையில் அரக்கனின் வால் மாடிப்படியில் இழுபட்டுப் போயிற்று. வாலுக்குள் இருந்தவனுக்குத் தும்மல் வியாதி என்று இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தும்மலுக்கும் அரக்கன் கோபப்படுவதாக ஜனங்கள் பயந்தார்களாம். கம்பெனிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவள் ஒலி அளவைக் காட்டும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு குன்றுகளாக ஏறி இறங்கிப் போயிற்று.

புயல் வந்தது. கோட்டைக் கதவு அடித்துக்கொண்டது. ராணி கேமராவுக்கு முதுகு காட்டி மதில் மேல் ஏறினாள். அந்த முதுகை அவளுக்குத் தெரியும். கடையில் துணியின் மேல் குனிந்திருக்கும் அதே முதுகு.

"இப்போ வரப்போகுது பாருங்க" என்றார் இயக்குநர், கைகளைத் தேய்த்துக்கொண்டு. "கயிறு, ரெடியா? மேகம்னு இவன்..."

அவள் பொத்தானை அழுத்தினாள். இரைச்சல் என்றுதான் சொல்ல வாயெடுத்தாள்.

"சார், அந்த டூப் பேர் என்ன?"

இயக்குநர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பின்னால் சோபா முனகியது, கம்பெனிக்காரர் எழுந்துவிட்டார்.

"பேரா?" என்றார் இயக்குநர். பழக்க தோஷத்தில் குரல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. "நல்ல கேள்வி. டேய் கயிறு, அந்தப் பொண்ணு பேர் என்னடா? ஏதோ சின்ன பேரு. நாக்கு நுனியில நிக்குது."

கயிறு ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சொல்லுய்யா. உன் ஆளுதானே, நீதானே தூக்கினே."

"எடை தெரியும்" என்றார் கயிறு. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "நாப்பத்தொண்ணு கிலோ. அந்தப் பக்கம் அதே எடைக்கு மணல் மூட்டை கட்டணும், அதனால தெரியும். காலையில ஒண்ணும் சாப்பிடாம வரும். சாப்பிட்டா மூட்டை மாத்தணும்ல, எனக்கு வேலை அதிகமாகும்னு. மதில்ல ஏறி நின்னதும் குதிகாலை ரெண்டு தடவை தட்டும். தயார்னு அர்த்தம். காத்து மெஷின் சத்தத்துல வாயால சொன்னா கேக்காது. ரெண்டாவது தட்டுக்கு அப்புறம்தான் நான் இழுப்பேன்."

"இந்த ஷாட் அன்னைக்கு எடுத்ததுதானே?" என்றார் இயக்குநர். அவர் குரலில் இப்போது சிரிப்பில்லை. "மேகத்துக்குள்ள போற வரைக்கும் நல்லா இருந்துச்சு. விழறதை மட்டும் வெட்டிட்டு வெச்சுக்கிட்டேன்."

"ஆமா."

திரையில் ராணியின் அங்கி காற்றில் படபடத்தது. பழைய டிஸ்கில் அந்த அங்கியின் இடுப்புக்குக் கீழே படம் நறுக்கப்பட்டிருந்தது. இப்போது மதிலின் கல் முழுதும் தெரிந்தது. கல்லின் மேல் இரண்டு வெறுங்கால்கள். இடது குதிகால் உயர்ந்து, கல்லைத் தட்டியது.

"ஒண்ணு" என்றார் இயக்குநர். தன்னை அறியாமல் எண்ணியிருக்க வேண்டும்.

குதிகால் மறுபடி உயர்ந்தது. அது கீழே வரவில்லை. உயர்ந்த குதிகாலோடு இரண்டு கால்களும் கல்லை விட்டு எழும்பின. ராணி அழகாக, எடையே இல்லாதவளைப் போல, மேலே போனாள்.

இயக்குநரின் வாய் அடுத்த எண்ணுக்காகத் திறந்தபடியே இருந்தது. கயிறு இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து அவற்றைப் பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிக் கோடு தரையோடு தரையாகப் படுத்து ஓடியது. ராணி மேகத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்காரர் அவள் காதருகே குனிந்தார். "பரவால்ல மேடம், டென்ஷன் ஆகாதீங்க. பழைய ஜோக்கு ஃபைல் நம்மகிட்ட இருக்கு. இந்த இடத்துல எடுத்து ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

உள்ளே கயிறு தலையை நிமிர்த்தினார். கண்ணாடியில் தன் பிம்பத்தைத் தாண்டி அவளைத் தேடுவது போலிருந்தது. "கேட்டியேம்மா" என்றார். "உனக்குத் தெரியுமா பேரு?"

அவள் பொத்தானில் விரலை வைத்தாள். தெரியும் என்று மட்டும் சொல்லலாம். என் அம்மா என்று சொல்லலாம். அந்தக் காலைப் பற்றி, தையல் கடை பற்றி, சுவரைப் பிடித்து எழும் விதம் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் மேகம் வர நேரமில்லை. அவள் பொத்தானை அழுத்தி அம்மாவின் பேரை மட்டும் சொன்னாள். மெதுவாக, பிரித்து, மைக் சோதனைக்குச் சொல்வது போல.

அது இரண்டு ஹெட்போன்களுக்குள் போய்ச் சேர்ந்தது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். பதிவில் அது ஏறவில்லை. கோடு அசையாமல் போய்க்கொண்டிருந்தது.

"என்ன மேடம் பண்றீங்க?" என்றார் கம்பெனிக்காரர். அவர் கை நிறுத்தும் பொத்தானை நோக்கி வந்தது. அவள் அதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

திரையில் ராணியின் தலை மேகத்துக்குள் போயிற்று. பிறகு தோள். பிறகு அந்தப் பழக்கமான முதுகு. கயிறு நாற்காலியை முன்னால் இழுத்தார். இந்த முறை அது கிறீச்சிடவில்லை. மைக்குக்கு அருகில் குனிந்து, நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். மேகத்துக்கு வெளியே இப்போது இரண்டு பாதங்கள் மட்டும் இருந்தன, இடது குதிகால் இன்னும் தட்டி முடிக்காமல்.

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். கோடு மெல்ல நடுங்கியது.