எண்ண ஆளில்லாத ஓட்டு

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் நாடாளுமன்றத்தில் ஈ காக்கை இருக்காது. எல்லோரும் தொகுதிக்கு ரயில் பிடிக்க ஓடிவிடுவார்கள். ஒரு வெளிநாட்டோடு போடவிருந்த வர்த்தக ஒப்பந்தத்துக்கு எதிரான தீர்மானத்தை அந்த நேரம் பார்த்துத்தான் விவாதத்துக்கு வைத்தது ஆளுங்கட்சி. என் கட்சிதான், வெட்கக்கேடு!

தீர்மானம் மொர்வென்னா பாஸ்கோவுடையது. மனித உரிமைக் குழுவின் தலைவி, எதிர்க்கட்சிக்காரி, வாயைத் திறந்தால் பொரிந்து தள்ளுவாள். ஒப்பந்தம் போடுகிற அந்த நாட்டில், தையல் ஆலையில் சங்கம் கட்டியவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டு, அப்படி ஒரு ஆளே எங்கள் சிறையில் இல்லை என்று சாதிக்கிறார்கள். அவரை வெளியே விடாமல் ஒப்பந்தம் கூடாது என்றாள் மொர்வென்னா. அவர் மனைவி இலேரா மேலே பார்வையாளர் வரிசையில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

தீர்மானத்தை ஏற்கலாமா என்று சபாநாயகர் கேட்டதும், "கூடாது!" என்று கத்திய எங்கள் அமைச்சர் அப்படியே காருக்குப் போய்விட்டார். மகா புத்திசாலி! ஓட்டெடுப்பு என்றால் ஒவ்வொரு பக்கமும் எண்ணுவதற்கு இரண்டு பேரைக் கொடுத்தாக வேண்டும். எங்கள் பக்கம் மிச்சம் கொறடா தாக்ரேயும் நானும்தான்.

"யோவ் ஹெட்லி, வாய்யா, வாசல்ல நின்னு எண்ணணும். ஒரு ஆளு குறையுது."

"வேற ஆளப் பாரு."

"வெளையாடாதய்யா! ரெண்டு பேரு குடுக்கலன்னா ஓட்டே இல்லாம அவங்க ஜெயிச்சிருவாங்க."

"தெரியும்யா. முப்பது வருஷமா இங்கதான குப்பை கொட்டுறேன்."

"அடுத்த தடவ சீட்டு வேணாமா உனக்கு?"

வேண்டும்தான். பொய் சொல்வானேன்? இந்தப் பதவியை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆனால் மேலே இலேரா ஒன்றும் புரியாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிக்க மாட்டேன் போய்யா," என்றேன்.

தாக்ரே பல்லைக் கடித்தான். சபாநாயகர் எங்கள் பக்கம் இரண்டு முறை பார்த்தார். பிறகு, மறுப்பவர் தரப்பில் ஆளில்லை, தீர்மானம் நிறைவேறியது என்றார்.

வெளி மண்டபத்தில் மொர்வென்னா என் முதுகில் ஒன்று வைத்தாள். "கல்லுளிமங்கன்யா நீ!"

இலேரா மொழிபெயர்ப்பாளரோடு ஓடி வந்தாள். "அவரு வந்துருவாரா?"

"சட்டுனு சொல்ல முடியாதும்மா," என்றேன். "ஆனா இனிமே அவங்க அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஒப்பந்தம் வேணும்னா அவரைக் கொண்டாந்து காட்டணும்."

அவள் முகம் வெளிறியது. "உயிரோடன்னு தீர்மானத்துல எழுதியிருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தை இருந்ததா என்று நான் கவனிக்கவே இல்லை. மொர்வென்னாதான் அவள் கையைப் பிடித்தாள்.

"எழுதியிருக்கும்மா. மொத வரியே அதுதான்."

இலேரா அந்தக் கல்தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தாக்ரே பார்த்துக்கொண்டே கடந்து போனான். பார்க்கட்டும் என்று நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.