நான்கு சொற்கள்

திங்கட்கிழமை காலை சட்டத்துறையிலிருந்து வந்த கட்டுரையின் பத்தொன்பதாம் பக்கத்தில், நான் எழுதிய வாக்கியம் மேற்கோள் குறிகளுக்குள் இருந்தது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பல்கலைக்கழகத்தில் வாராவாரம் வெளியாகும் ஆய்வுகளை ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி வீதம் சுருக்கி, நான்கு பக்க மடலாக அச்சிட்டு அனுப்புவது என் வேலை. வௌவாலின் காது, வாடகைச் சட்டம், புண் ஆற்றும் பசை, பள்ளிப் பேருந்தின் வழித்தடம், எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். பதினாறு வருடமாக இதே வேலை என்பதால் துறைகளில் எனக்குப் பெயரே 'சுருக்கம்'தான். "பேர்லயும் சுருக்கம், சட்டையிலயும் சுருக்கம்" என்பாள் மனைவி.

மேற்கோளுக்குக் கீழே இருந்ததைப் படித்ததும் அது போய்விட்டது. 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடிநீரைச் சோதித்தாலே போதும்' என்ற அந்த வரியைக் காட்டித்தான் நகராட்சி மாதாந்திரச் சோதனையை நிறுத்தியிருக்கிறது. பழைய குடியிருப்பில் குழாய் விரிசலில் கழிவுநீர் கலந்தது மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை. பதினான்கு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒருவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று.

கணினியில் பழைய வரைவைத் தேடி எடுத்தேன். ஆய்வைச் செய்த நீரியல் பேராசிரியர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். நானும் முதலில் அப்படியே எழுதியிருந்தேன்: 'முப்பது ஆண்டுகளுக்கு உட்பட்ட குழாய்களில்.' அது நான்காவது வரிக்கு வழிந்தது. ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வெட்டிவிட்டேன்.

கட்டுரையை எழுதிய சட்ட விரிவுரையாளரைப் பார்க்கப் போனேன். அந்தக் குடியிருப்புக்காரர்களின் வழக்கை அந்த அம்மாதான் நடத்துகிறார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க சார். ஆய்வே அப்படித்தான் சொல்லுதுன்னு நகராட்சி சாதிக்குது. மூலக் கட்டுரைய அவங்க புரட்டிக்கூடப் பாக்கலன்னு காட்டணும். அந்த மூணு வரிய உங்களுக்கு அனுப்பினது நீரியல் துறைதானே?"

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆட்டிய தலையை நிறுத்தக்கூட முடியவில்லை.

புதன்கிழமை நீரியல் பேராசிரியர் போன் செய்தார். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்தான் அவருக்கு. "தம்பி, சட்டத்துறையில கேக்கறாங்க, அந்தச் சுருக்கத்த நானா அனுப்பினேன்? எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல. வீட்டுல இவ வேற, எனக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சுங்கறா. நான்தான் விட்டுட்டேனோ?"

"தேடிப் பாக்கறேன் சார்" என்றேன். அன்று இரவு பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பழைய குடியிருப்புக்குப் போனேன். கட்டுரையில் 'பாதிக்கப்பட்டவர் ஏழு' என்றிருந்த, சிறுநீரகம் போனவரின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் மனைவி தையல்காரி என்று கட்டுரையில் இருந்தது. தெருவில் ஒரே ஒரு தையல் கடைப் பலகைதான். முன்னறையிலேயே இயந்திரம். ஒரு ஆண் சட்டையின் இடது கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை பிரித்து, அதில் அழுத்துப் பொத்தான்களை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். துணி கொடுக்க வந்தவன் என்று நினைத்து உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"காய்ச்சினதுதான். பயப்படாம குடிங்க."

குடித்தேன். பிறகு சொன்னேன். மடல், மூன்று வரி, பேருந்து, தலையாட்டியது எல்லாம். பதினாறு வருடத்தில் எதையும் நான் இவ்வளவு நீளமாகச் சொன்னதில்லை. அவர் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்.

"எத்தன வார்த்தைய வெட்டினீங்க?"

"நாலு."

"அந்தப் பெரியவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"கேஸ் நடத்தற மேடம்கிட்ட?"

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்ப மொதல்ல அங்கல்ல போயிருக்கணும்? என்கிட்ட சொன்னா நான் என்ன பண்ணட்டும்? அழட்டுமா, மன்னிக்கட்டுமா?" குரல் உயரவில்லை. அளவு சரியில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்வது போலத்தான் சொன்னார்.

எழுந்தேன். அதற்குள் உள்ளறையிலிருந்து அவர் கணவர் சுவரைப் பிடித்தபடி வந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாகத்தான் இருக்கும். "யாரு வந்திருக்கா?"

தையல்காரி என்னை ஒரு கணம் பார்த்தார். "காலேஜ்லேருந்து" என்றார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இதான் போட்டுக்கணும், போட்டுப் பாருங்க. அங்க சட்டையக் கழட்ட வேணாம், கைய மட்டும் தெறந்தாப் போதும்." வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு, கண்ணால் என்னிடம் சைகை செய்தார், கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி.

அவருடைய இடது கையை என் இரண்டு கைகளிலும் தாங்கினேன். முழங்கைக்குக் கீழே, ரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏற்றும் இடத்தில், நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. என் கட்டைவிரல் அதன்மேல் பட்டதும் உள்ளே எதுவோ விடாமல் அதிர்ந்தது, ஓடும் இயந்திரத்தின்மேல் கை வைத்தது போல.

"அது அப்படித்தான் சார், ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார் அவர். "பயப்படாதீங்க, அழுத்தாமப் பிடிங்க."

தையல்காரி ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டே வந்தார்.