மூன்றாவது சீட்டு

பூனாவுக்குப் போன மனுஷர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்ததும் முதல் காரியமாகப் பிரம்பைத் தூக்கி வெளியே எறிந்தார். அறுபத்து மூன்றாம் வருஷம் அது. தாராவித் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் பிரம்மநாயகம் கெட்டவர் என்று யாரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுச் சொல்ல முடியாது. தலைமையாசிரியர் பயிற்சியில் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் மனசில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார், அவ்வளவுதான். அடித்தால் ஒழுக்கம் வராதாம். பெற்றோருக்கு எழுதித் தெரிவித்தால் வருமாம்.

நாலாம் வகுப்பு கோமதியம்மாள் டீச்சருக்கும் அன்று சந்தோஷம்தான். ஆனால் வாசலில் நின்ற வெயிலுமுத்து, "வீணாப் போகுதுல்லா" என்று அந்தப் பிரம்பைப் பொறுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனதை அவள் பார்த்தாள். அவன் தோல் பட்டறையில் வேலை செய்கிறவன். மகள் ஆறுமுகத்தாயைச் சேர்க்க வந்த அன்று, "கண்ணை மட்டும் விட்டுருங்க டீச்சர், தோலை உரிச்சிருங்க" என்று சிரித்தவன். எல்லாத் தகப்பனும் சொல்கிற பேச்சுதான். யார் உரித்தார்கள்? உள்ளங்கையில் இரண்டு விழும், சாயங்காலத்துக்குள் மறந்துபோகும்.

இப்போது சீட்டு வந்தது. வகுப்பில் பேசினால் ஒரு சீட்டு. தகப்பன் பெயர், குற்றம், கீழே ஊதா நிறத்தில் முனிசிபாலிட்டி முத்திரை. மறுநாள் தகப்பன் கைநாட்டோடு அது திரும்பி வர வேண்டும்.

போன வருஷம் முத்திரை குத்திய காகிதம் வந்த மறுவாரம்தான் சாக்கடைப் பக்கத்துக் குடிசைகளைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். அந்த ஜனங்களுக்கு முத்திரை என்றால் அது ஒன்றுதான். மூணு சீட்டு சேர்ந்தால் குடிசை போகும் என்று குழாயடியில் பேச்சுக் கிளம்பிவிட்டது. முத்திரை வேண்டாம் என்று கோமதியம்மாள் ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். முத்திரை இல்லாவிட்டால் எவனும் மதிக்க மாட்டான் என்று அவர் முடித்துவிட்டார்.

பத்தே நாளில் பள்ளிக்கூடம் அடங்கிப்போயிற்று. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நடந்து நடந்து பூரித்தார். முதல் சீட்டுக்குப் பிறகு ஆறுமுகத்தாய் ஒருக்களித்து உட்கார்ந்தாள். இரண்டாவதுக்குப் பிறகு இடது கையால் எழுதினாள். கோமதியம்மாள் கேட்டதற்கு, கீழே விழுந்துவிட்டேன் என்றாள்.

ஆனாலும் ஒன்பது வயசு வாய் எத்தனை நாள் மூடிக் கிடக்கும்? புதன்கிழமை பக்கத்துப் பிள்ளையிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டாள். ஜன்னலில் ஹெட்மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

சீட்டை எழுதியது கோமதியம்மாள்தான். மணியடித்து எல்லோரும் போன பிறகும் ஆறுமுகத்தாய் நகரவில்லை.

"இது வேண்டாம் டீச்சர். எங்கய்யா ரொம்பப் பயந்து கிடக்காரு."

மேஜைமேல் மைப்பெட்டி திறந்து கிடந்தது. தன் கட்டைவிரலை வைத்து ஒற்றிவிட்டால் தீர்ந்தது. எந்த ரேகை எவனுடையது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? விரலை மையில் அழுத்தவும் செய்தாள். அதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. டோம்பிவிலியில் இரண்டு பிள்ளைகள் அவள் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். விரலை முந்தானையில் துடைத்துவிட்டுச் சீட்டைக் குழந்தை கையில் கொடுத்தாள். நாளைக்கு நானே வந்து அய்யாவிடம் பேசுகிறேன் என்றாள். நாளைக்கு என்று சொன்னதை நினைத்து ரயிலில் போகும்போதே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

மறுநாள் ஆறுமுகத்தாயின் இடம் காலியாக இருந்தது. பத்து மணிக்கு வெயிலுமுத்து ஹெட்மாஸ்டர் அறைக்கு வந்தான்; கோமதியம்மாளும் பின்னாலேயே போனாள். குளித்து, வெளுத்த சட்டை போட்டிருந்தான். ஹெட்மாஸ்டர் மரியாதையாக நாற்காலியைக் காட்டினார்; அவன் உட்காரவில்லை. பிள்ளை எங்கே என்று கோமதியம்மாள் இரண்டு தடவை கேட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கைநாட்டு வைத்த சீட்டை மேஜையில் வைத்தான். பக்கத்திலேயே பிரம்பையும் வைத்தான். அது நுனியிலிருந்து பாதி வரை பிளந்திருந்தது.

"இனிமே அவ பேசமாட்டா அய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். "குடிசைய மட்டும் விட்டுருங்க."