பிளாஸ்டிக் மலையில் பழகியவள்

தவமலர் முதன்முதலாகப் பனிச்சறுக்குப் பலகைகளில் ஏறி நின்ற இடத்தில் பனியே இல்லை. 1989இல் ஒரு சனிக்கிழமை, லண்டனின் பார்க்கிங் பகுதியில் அவள் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலைக்காரர் எல்லோரையும் உல்லாசப் பயணம் என்று கூட்டிப்போனார்கள். போய்ச் சேர்ந்தது ஒரு பழைய கழிவு மேடு. வீடு கூட்டும் தும்புத்தடிகளைக் கவிழ்த்து அடுக்கியதுபோல அதன்மேல் பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தது.

பயிற்சியாளர் பிறையன் எப்படி நிற்பது என்று விளக்கிக்கொண்டிருந்தபோதே அவள் புறப்பட்டுவிட்டாள். எல்லோரையும் கடந்து, அடிவாரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளுக்குள் புகுந்து மறைந்தாள். பிறையன் பதறியடித்து ஓடி வந்தார். தலைமயிரில் வைக்கோலோடு எழுந்தவள், இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டாள்.

அன்று முதல் வார இறுதிகளில் அவள் வீட்டில் இல்லை. தாய் பாலாம்பிகைக்கு இது பெரிய தலையிடி.

"கலியாணம் பேசி வாறவையளிட்டை பிள்ளை சறுக்கிறாள் எண்டு சொல்லேலுமோ?" என்று கேட்டுவிட்டு, மகள் கொம்பியூட்டர் கோர்ஸ் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். பாயின் ஓட்டைக்குள் கைப் பெருவிரல் சிக்கி முறிந்து, தவமலர் மாவுக்கட்டோடு ஒரு கலியாண வீட்டுக்கு வந்தபோதும் தாய் அசரவில்லை.

"கொம்பியூட்டர் கைக்கு மேலை விழுந்திட்டுது."

பந்தயங்களில் தவமலர் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. அந்த நாட்களில் ஒவ்வொருவராக, கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து, கடிகாரத்தோடு போட்டிபோட்டு இறங்க வேண்டும். அவளுக்கு வளைவதில் பொறுமை இல்லை. கம்புகளை இடித்துக்கொண்டு போவாள். வருடக்கணக்காகக் கடைசி இடம் அவளுடையதாகவே இருந்தது.

1995இல் பிறையன் ஒரு புதுவிதப் பந்தயம் பற்றிச் சொன்னார். நாலு பேர் ஒரே நேரத்தில் புறப்படுவார்கள். மேடு, பள்ளம், திருப்பம் எல்லாம் தாண்டி முதலில் கீழே வருபவருக்கு வெற்றி. பக்கத்தில் இன்னொருத்தி உரசிக்கொண்டு வந்தால் பயப்படக்கூடாது என்று எச்சரித்தார்.

வீட்டுக்கு வந்து தாயிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள் தவமலர். "ஊரிலை பள்ளிக்கூட நேரத்திலை மினிபஸ் ஏறின எனக்கு இதொரு நெருக்கமே அம்மா?"

முதல் இரண்டு பந்தயத்தையும் அவளே வென்றாள். பிரான்சில் நடக்கும் பெரிய போட்டிக்கும் தெரிவானாள்.

அந்தக் கிழமைதான் கோயிலில், மச்சாள் முறையான கனகாம்பிகை பாலாம்பிகையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினை வருசமாப் படிக்கிறாள், இன்னும் பாஸ் பண்ணேல்லையே? மண்டையிலை ஏறுதில்லைப் போல."

பாலாம்பிகைக்கு உச்சி கொதித்தது. "கொம்பியூட்டரும் மண்ணாங்கட்டியும்! என்ரை பிள்ளை பனிமலையிலை வெள்ளைக்காரியளை விழுத்திப்போட்டு ஓடுறவள். வாற மாசம் பிரான்சுக்குப் போறாள். நானும் போறன்!"

தானும் போகப்போவது அந்த நிமிடம் வரைக்கும் அவளுக்கே தெரியாது.

பிரான்சில் உண்மையான பனியைக் கண்டு தவமலர் தடுமாறினாள். பிளாஸ்டிக் பாய் உறுமும், இழுத்துப் பிடிக்கும். பனியோ சத்தமில்லாமல் ஆளைக் கொண்டுபோனது. முதல் பயிற்சி ஓட்டத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு தேநீர்க்கடையின் கதிரை மேசைகளுக்குள் போய்த்தான் நின்றாள். ஆனாலும் எப்படியோ இறுதிப் பந்தயம்வரை வந்துவிட்டாள்.

சேலைக்கு மேல் இரண்டு சுவெட்டரும் ஒரு பெரிய கோட்டும் போட்டுக்கொண்டு பாலாம்பிகை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்து வேலியைப் பிடித்தபடி நின்றாள்.

புறப்பட்ட உடனேயே தவமலர் நாலாவது இடத்துக்குப் பின்தங்கிவிட்டாள். இரண்டாவது திருப்பத்தில் முன்னால் போன இருவர் மோதி உருண்டார்கள். அவர்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தாள். இனி முன்னால் ஒஸ்திரியா நாட்டுக்காரி ஒருத்தி மட்டும். கடைசி மேட்டில் பாய்ந்தபோது தவமலரின் நிலை தவறியது. முதுகு அடிபட விழுந்து, பலகைகள் வானத்தைப் பார்க்க, விழுந்தபடியே வழுக்கி வந்தாள்.

"விடாதை பிள்ளை! விடாதை!"

வேலியோரம் பாலாம்பிகை போட்ட கூச்சலில் மலை அதிர்ந்தது. இது என்ன சத்தம் என்று ஒஸ்திரியக்காரி தலையைத் திருப்பிப் பார்த்தாள். திருப்பியதில் சற்றுத் தளம்பினாள். அதற்குள் தவமலர் மல்லாந்தபடி அவளுக்கு முன்னே கோட்டைக் கடந்துவிட்டாள்.

ஒஸ்திரியக்காரி முறையிட்டாள். நடுவர்கள் விதிகளைப் புரட்டினார்கள். உடம்பில் எந்தப் பகுதி முதலில் கடந்தாலும் செல்லும் என்று இருந்தது. தாய்மாரைப் பற்றி ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு தவமலர் பெரிய வெற்றி எதையும் காணவில்லை. இரண்டு தடவை இரண்டாவதாக வந்தாள். 1998இல் முழங்கால் பிசகியது. வைத்தியர் நரசிம்மன் சென்னைக்காரர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாடிப்படி ஏறலாம்மா. மலை இனிமே வேணாம்."

கார்ப் பார்க்கில் தவமலர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். பாலாம்பிகை அவளுடைய முதுகைத் தடவினாள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் பிள்ளை."

"அம்மா, நான் சறுக்கிறதுக்குத்தானே போனனான்!"

தாய் யோசித்தாள். "ஓம், அதுவும் சரிதான்" என்றாள். அழுகையோடேயே தவமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தாள்.