அழிக்கும் வசதி

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவளுக்கு வீட்டில் ‘எடிட்டர்’ என்று பெயர். கணவர் கொடுத்த பட்டம். செருப்பு அலமாரியின் மேல், மூடி விரிசல் விட்ட பழைய லேப்டாப் ஒன்று இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அவளுடைய வலைப்பூ அதிலிருந்துதான் உலகத்துக்குப் போனது. “உன் பத்திரிகை ஆபீசுக்குக் கீழே என் ஷூவை வைக்கலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் ஷூவைக் கழற்றுவார்.

அதற்கு முன்னால் ஓர் இலவசத் தளத்தில் எழுதிவந்தாள். நடத்தியவர்கள் ஒருநாள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பல வருட எழுத்து போன இடம் தெரியவில்லை. அழுது முடித்ததும், இனி யார் தயவும் வேண்டாம் என்று தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தாள். வேறு ஊரில் மென்பொருள் வேலையில் இருந்த தம்பியைத் தொலைபேசியில் பிய்த்துப் பிடுங்கிக் கற்றுக்கொண்டாள். எழுதியதைப் பக்கமாக மாற்றும், தேதிவாரியாக அடுக்கும், தம்பியின் கணினியில் ஒரு நகல் வைக்கும். எந்தப் பதிவாவது காணாமல் போனால் அந்த நகலிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்துவிடும். அழிக்கும் வசதியை மட்டும் அவள் வேண்டுமென்றே வைக்கவில்லை. “ஒரு தடவை போனது போதும்டா” என்றாள் தம்பியிடம்.

எழுதியதெல்லாம் கடைக்கு வருகிற மனிதர்களைப் பற்றி. இருட்டறையில் தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்ததும் பலருக்கு மனசு திறந்துகொள்ளும். அவர்கள் பேரை எழுத மாட்டாள். பேர் இல்லாவிட்டால் ஆளும் தெரியாது என்று நம்பினாள்.

ஒருநாள் அடுத்த தெருவில் சலவைக் கடை நடத்தும் அக்கா வந்தார். எழுத்துப் பலகையில் மேல் வரியைக்கூட “மங்கலா இருக்கு” என்றார். எந்த லென்ஸைப் போட்டாலும் அதே பதில். ஆனால் எதிர்ச் சுவரில் ஊர்ந்த எறும்பைக் காட்டி, “மருந்து வைக்கக் கூடாதா?” என்று கேட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுத்துக்குப் பதில், படிக்கத் தெரியாதவர்களுக்கென்று இருக்கும் மூன்று கால் குறிகள் உள்ள பலகையை மாட்டினாள். “எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு கையால காட்டுங்கக்கா.” அக்கா கடகடவென்று கடைசி வரிவரை காட்டினார்.

கிளம்பும்போது அவரே சொன்னார். “மகன் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கான். மருமகளுக்குத் தெரியாது. துணிக்குத் துணி கலர் நூல் கட்டித்தான் இத்தனை வருஷம் கடையை ஓட்டுறேன்.”

அதை அவள் எழுதினாள். நன்றாகவே வந்தது. யாரோ ஒருவர் பகிர, அது போன் போனாகப் போயிற்று. செருப்பு அலமாரியின் மேல் லேப்டாப்பின் விசிறி இரைந்தது. கணவர்கூட எட்டிப் பார்த்துவிட்டு, “ஆபீஸ்ல ஒரே கூட்டம் போலிருக்கே” என்றார்.

பிறகு அக்கா மறுபடியும் கடைக்கு வந்தார். இருட்டறைக் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மருமக எனக்கு மாத்திரை அட்டையைப் படிச்சுக் காட்டுறா. மெதுவா, சத்தமா, காது கேக்காதவங்களுக்குச் சொல்ற மாதிரி.”

“உங்க பேரை நான் போடலையேக்கா.”

“கலர் நூலைப் போட்டிருக்கியே. இந்த வட்டாரத்துல வேற எவ கட்டுறா?”

அவள் லென்ஸ் பெட்டியை மூடி வைத்தாள்.

“படி. என்ன எழுதியிருக்கேன்னு நான் கேக்கணும்.”

போனை எடுத்துப் படித்தாள். ‘அவர் கைகள் நடுங்கின’ என்ற வரி வந்ததும் அக்கா நிறுத்தச் சொன்னார்.

“என் கை நடுங்கலை.”

“இல்லைக்கா. நடுங்கலை.”

“அப்புறம் ஏன் எழுதினே?”

“படிக்கிறவங்களுக்கு…” என்று ஆரம்பித்து விட்டுவிட்டாள்.

“எடுத்துடு.”

“எடுக்கிற வசதி அதுல இல்லைக்கா.”

“யார் செஞ்சது அதை?”

“நான்தான்.”

“அப்போ வசதி பண்ணு” என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே வீட்டில் ஒரு முக்காலியைப் போட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். முதலில் அந்தப் பதிவைக் கையாலேயே அழித்துப் பார்த்தாள். தொலைந்து போனதாக நினைத்து மென்பொருள் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. தான் எழுதிய நிரல் சொன்ன சொல் தவறாமல் நடப்பதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தம்பியைக் கூப்பிட்டாள்.

“நல்லாத்தானே இருந்துச்சு? நூலுக்குப் பதிலா பட்டன்னு மாத்திட்டாப் போச்சு” என்றான்.

“அவங்க எடுக்கத்தான் சொன்னாங்க. மாத்தச் சொல்லலை.”

அழிக்கும் வசதியை எழுதி முடிக்க அந்த வார விடுமுறையும் பிடித்தது. பக்கம் போயிற்று, அட்டவணையில் வரி போயிற்று, தம்பியிடமிருந்த நகலும் போயிற்று.

சலவைக் கடைக்குப் போய்ச் சொன்னாள். “எடுத்துட்டேன்கா. ஆனா படிச்சவங்க படிச்சதுதான். அதை என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“தெரியும்.” அக்கா ஒரு சட்டைக் காலரில் நூலைக் கட்டிக்கொண்டிருந்தார். “மாத்திரைய படி, ஆனா கத்தாதேன்னு மருமககிட்ட சொல்லிட்டேன். எழுத்து சொல்லித் தரவான்னு கேட்டா. யோசிச்சுச் சொல்றேன்னிருக்கேன்.” பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, “உங்களுக்கு என்னங்க?” என்றார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

அதற்கப்புறம் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் இருக்கிற ஆள் இதைக் காது கொடுத்துக் கேட்டால் என்ன சொல்வார் என்று பார்த்தாள். நிறைய போயிற்று. சிலவற்றை அழிக்க மனசு வராமல் இரண்டு நாள் வைத்திருந்து பிறகு அழித்தாள். வலைப்பூ பாதியாக இளைத்தது.

புதிதாக எதையாவது எழுத நினைத்தால், இப்போதெல்லாம் உட்கார்ந்திருப்பவரையே கேட்டுவிடுகிறாள். பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். போன வாரம் பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவர் மட்டும் யோசித்தார்.

“பேரைப் போடுவீங்களா?”

“போட மாட்டேங்க.”

“கடை பேரு?”

“அதுவும் போட மாட்டேன்.”

“அப்போ எழுதி என்ன பிரயோஜனம்?” என்று புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.