நாலு கோட்டில் ஒரு தாலாட்டு

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள் ஒருவன் இருந்தாலே ஒரு பேண்டு கோஷ்டி உருப்படாது. இந்தக் கோஷ்டியில் அப்படி இரண்டு பேர். ஒருவன் மாட்டுங்கா நாணு, ஃபோர்ட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. இன்னொருவன் தாராவி சுயம்பு, தோல் பட்டறையில் பெல்ட் வெட்டுகிறவன். கல்யாண சீசனில் செம்பூர்ப் பந்தல்களில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். நாணு கையில் ஆறு கம்பி கிடார், சுயம்பு கையில் நாலு கம்பி பேஸ் கிடார். வாசிக்கிறபோது மட்டும் சண்டை இருக்காது.

சண்டை எப்போதும் ஒரே விஷயத்துக்குத்தான். நாணு மாஹிமில் ஒரு கோவாக்காரரிடம், பாட்டை எழுதிவைக்கிற ஸ்டாஃப் நொட்டேஷன் படித்தவன். ஐந்து கோடு, அதில் முட்டை முட்டையாகச் சுரங்கள், ஒவ்வொரு சுரமும் எத்தனை நேரம் ஒலிக்கவேண்டும் என்று சொல்வதற்கு ஒரு காம்பு, காம்புக்கு ஒரு வால். சுயம்புவுக்கு இந்த வம்பே வேண்டாம். பட்டறையில் கழித்துப்போட்ட தோல் துண்டில் ஆணியால் நாலு கோடு கீறுவான். நாலு கோடும் நாலு கம்பி. கோட்டின் மேல் ஓர் எண் போடுவான், அந்தக் கம்பியில் எத்தனையாவது கட்டத்தில் விரல் வைக்கவேண்டும் என்பதற்கு. அவ்வளவுதான் அவனுடைய சங்கீத சாஸ்திரம். புதுப் பாட்டு என்றால் நாணு முட்டைகளை எழுதி முடிப்பதற்குள் இவன் எண்ணைக் கீறி வாசித்தும் காட்டிவிடுவான். அதில் நாணுவுக்கு எரிச்சல் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

"இதுல காலமே இல்லையேடா," என்பான் நாணு. "எங்க விரல் வைக்கணும்னு இருக்கு. எத்தனை நேரம் வைக்கணும்னு எங்க இருக்கு?"

"அத என் காலு தட்டிச் சொல்லும். உம்ம முட்டையையும் ஈக்குச்சியையும் நீரே வச்சுக்கிடும்."

"நீ வராத அன்னிக்கு வேற ஒருத்தன் எப்படி வாசிப்பான்?"

"நா எங்க வே போவப்போறேன்?"

போய்விட்டான். அறுபத்தேழாம் வருஷத்து மழையில் மஞ்சள் காமாலை வந்து, கண்ணும் நகமும் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா நாட்டு மருந்தா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். முப்பது வயதுகூட ஆகவில்லை. கைக்குழந்தையோடு அவன் மனைவி பேராச்சி நின்றாள். நல்லவனுக்குத்தான் எமன் அவசரப்படுவான் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

காரியமெல்லாம் முடிந்தபிறகு நாணு பார்க்கப் போனான். பேராச்சி உள்ளே போய் ஒரு தோல் துண்டை எடுத்துவந்து நீட்டினாள். நாலு கோடு, நிறைய எண்கள்.

"பிள்ளைய ஒறங்க வைக்க அவுக தானாக் கட்டுன பாட்டு அண்ணாச்சி. இங்க கரண்டு கெடையாதுல்லா, அந்தக் கிட்டாரு சத்தமே வெளிய வராது. கதவுப் பலவையில அத முட்டுக் குடுத்து வாசிப்பாவ. பலவையே பாடும். நானும் பிள்ளையும் அதுல காத வச்சுக் கிடப்போம். அவுக போனதுல இருந்து பிள்ள ஒறங்க மாட்டேங்கா. அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு."

"உங்களுக்கு அதைப் பாட வருமா?"

"கேட்டா இதுதான்னு சொல்லிருவேன். வாயில வரமாட்டேங்கு. நீங்க எழுதுத மாதிரி எழுதிக் குடுத்தா ஊருல படிப்பாகளாம். பாளையங்கோட்ட சர்ச்சுல ஆர்கன் வாசிக்கவரு இருக்காராம், எங்கண்ணன் சொல்லுதான்."

கோஷ்டியில் யாரும் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. வீட்டுக்கு என்று வைத்திருந்ததைச் சுயம்பு வெளியே வாசிக்கவில்லை. ஆனாலும் நாணு தயங்கவில்லை. "ஞாயித்துக்கெழமை எழுதிண்டு வரேன். எழுதிட்டா அப்பறம் அது எங்கயும் போகாது," என்றான். துக்கத்துக்கு நடுவிலும் மனசின் ஓர் ஓரத்தில், பார்த்தாயாடா, கடைசியில் என் நொட்டேஷன்தானே உன் பிள்ளைக்கு உதவுகிறது என்று ஒரு நினைப்பு ஓடியது. மனித மனசு அப்படித்தான், வெட்கங்கெட்டது.

வீட்டில் உட்கார்ந்து எழுதினான். எந்தக் கம்பி, எந்தக் கட்டம் என்று தெரிந்தால் சுரம் தெரிந்துவிடும். முட்டைகள் எல்லாம் அதனதன் கோட்டில் வந்து உட்கார்ந்தன. காம்பு போடப் போனபோது பென்சில் நின்றுவிட்டது. எது நீளம், எது குட்டை? எங்கே மூச்சு விட்டான்? தோலில் ஒன்றும் இல்லை. மனைவி பாகீரதி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். நாணு எழுந்திருக்கவில்லை. ஆறு மாதம் முன்னால், "வீட்டுக்கு வாரும் வே, பிள்ளைக்கு ஒண்ணு கட்டியிருக்கேன், நீரே எழுதி வையும்," என்று சுயம்பு கூப்பிட்டது ஞாபகம் வந்தது. "முதல்ல நீ படிக்கக் கத்துக்கோ, அப்பறம் எழுதறேன்," என்று சொன்னவன் இவன்தான். ஒரு பஸ் தூரம், போயிருக்கலாம். பாவி, போயிருக்கலாமே என்று வாய்விட்டே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனபோது வாசலில் டிரங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தது. பேராச்சியின் அண்ணன் செல்லப்பாண்டி ஊருக்கு அழைத்துப்போக வந்திருந்தான், மறுநாள் ரயில். நாணு சுயம்புவின் கிடாரை மடியில் வைத்து, அதன் தலையைக் கதவில் முட்டுக் கொடுத்தான். பேராச்சி குழந்தையோடு மறுபக்கம் உட்கார்ந்து பலகையில் காதை வைத்தாள்.

முதலில் எல்லாச் சுரத்தையும் ஒரே அளவாக வாசித்தான்.

"எடமெல்லாம் சரிதான்," என்றாள். "ஆனா அது இல்ல அண்ணாச்சி."

நீட்டி வாசித்தான். இல்லை. மூன்று மூன்றாகப் பிரித்து வாசித்தான். பேராச்சி நிமிர்ந்தாள். "இங்க, இங்க ஒரு இழுப்பு வரும். கைவண்டி பள்ளத்துல எறங்கி ஏறுமே, அந்த மாதிரி."

இழுத்தான். "அவ்வளவு இல்ல." குறைத்தான். "கொஞ்சம் முன்னாலயே வரும்." முன்னால் கொண்டுவந்தான். "ஆமா, இதான்னு நெனைக்கேன்." பென்சிலால் ஒரு காம்பு போட்டான். அடுத்த இடத்துக்குப் போனான். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. செல்லப்பாண்டி பீடி பற்றவைக்க வெளியே போனான்.

நேரம் ஆக ஆகப் பேராச்சி பதில் சொல்லத் தாமதித்தாள். சற்றுமுன் இல்லை என்று சொன்னதையே நாணு மறுபடி வாசித்தபோது, ஆமாம் என்றாள். அப்போதே நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்த மனசு வரவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை, வந்துவிடும் என்று திரும்பத் திரும்ப வாசித்தான். விரல் நுனி சிவந்துவிட்டது.

அழுகைச் சத்தம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் பேராச்சி மெதுவாகச் சொன்னாள்: "ஒறங்கிட்டா."

நாணுவுக்கு உயிர் வந்தது. "அப்போ இதுதானா? இதுதானே அவன் வாசிச்சது?"

அவள் எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"தெரியல அண்ணாச்சி. காலைல வரைக்கும் அவுக வாசிச்சது அப்படியே காதுல கிடந்துச்சு. இப்ப நீங்க வாசிச்சதுதான் கேக்கு. கண்ண மூடிப் பாக்கேன், அப்பவும் இதுதான் கேக்கு."

நாணு கிடாரைத் தரையில் வைத்துவிட்டான். "மொதல்ல வாசிச்ச மாதிரி இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம். போனது போயிட்டு." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "பிள்ளைக்கு இது புடிச்சுப்போச்சுல்லா. இதையே எழுதிக் குடுங்க. பெரியவளாயிக் கேட்டா, அப்பா வாசிச்சதுன்னு சொல்லிக்கிடுதேன்."

அவன் எழுதினான். மீதிக் காம்புகளை யாரையும் கேட்காமல் தானே போட்டான். முடித்துவிட்டு, "மேல யார் பேர் போடறது?" என்று கேட்டான்.

"அவுக பேரத்தான் போடணும்," என்றாள்.

சுயம்பு என்று எழுதும்போது நாணு அழுதுவிட்டான்.